கடலோரப் பேரூராட்சி விளக்குக் கம்ப டெண்டர்: ஆய்வு நிபந்தனையைத் தளர்த்தி எல்-1க்கு ஆர்டர். மேல்முறையீடு நிற்குமா?

கோணம் சப்ளை (கேள்வி)

அண்ணாச்சிமாரே, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கடலோரப் பேரூராட்சி ஒன்று 120 தெருவிளக்குக் கம்பம் சப்ளைக்கு இ-டெண்டர் விட்டது. 6 மீட்டர் எண்கோணக் கம்பம், 3 மி.மீ. தகடு, 12 மி.மீ. அடித்தட்டு, வெல்டிங் முடிந்த பிறகு ஹாட் டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கிப் பூச்சு ஏற்றுவது), ஐ.எஸ். 4759 என்ற இந்தியத் தரத்தின் படி. ஆய்வுக்கு ஒரு தனி நிபந்தனை இருந்தது: அனுப்பும் முன் தயாரிப்பு இடத்திலேயே தேர்டு பார்ட்டி (வெளி ஏஜென்சி) ஆய்வு, செலவு சப்ளையருடையது, ஆய்வு ரிலீஸ் நோட் (பொருளை அனுப்பலாம் என்ற ஆய்வாளர் சீட்டு) இல்லாமல் ஸ்டோரில் பொருள் இறக்கக்கூடாது. கடைசித் தேதி வரை இதில் எந்தத் திருத்த அறிவிப்பும் வரவில்லை.

விலை திறந்ததில் எல்-1 (மிகக் குறைந்த விலை சொன்னவர்) கம்பத்துக்கு ரூ.9,850, மொத்தம் ரூ.11,82,000. நாங்கள் எல்-2 (அடுத்த குறைந்த விலை), கம்பத்துக்கு ரூ.9,970, மொத்தம் ரூ.11,96,400. எங்கள் விலையில் கம்பத்துக்கு 200 ரூபாய் ஆய்வுச் செலவுக்காகவே சேர்த்தது. எல்-1 தன் டெக்னிக்கல் பிட்டோடு வைத்த கவரிங் லெட்டரில், 'தயாரிப்பாளரின் டெஸ்ட் சர்டிபிகேட் தருகிறோம், ஆய்வு தேவைப்பட்டால் தங்கள் ஸ்டோரில் செய்துகொள்ளலாம்' என்று எழுதியிருக்கிறார். அதையும் ஏற்று டெக்னிக்கலில் பாஸ் போட்டுவிட்டார்கள்.

கேட்டால் வரும் பதில்: 'ஆய்வு எங்கே செய்தால் என்ன, பொருள் ஒன்றுதானே?'

எனக்குத் தெரிய வேண்டியது, அந்த பிட்டை டெக்னிக்கலிலேயே தள்ளியிருக்க வேண்டாமா? ஸ்டோர் ஆய்வு தொழிற்சாலை ஆய்வுக்கு ஈடாகுமா? புகார் என்றால் யாரிடம், எத்தனை நாளுக்குள்?

---

பழைய எம்புக்

அவசரப்படாம முதல்ல ஆர்டர் காப்பியைக் கையில் வாங்குங்க. இந்த மாதிரி சண்டையில் பாதிப்பேர் சறுக்குற இடம் இதுதான்.

ரெண்டு நிலைமை இருக்கு. சப்ளை ஆர்டரில் டெண்டர் ஆவணத்தில் உள்ள ஆய்வு நிபந்தனை அப்படியே இருந்து, பிறகு பேரூராட்சி அதைக் கண்டுக்காம விட்டா, அது ஒப்பந்தத்தை நடத்துற விஷயம். எல்-2க்கு அதில் மேல்முறையீடு கிடையாது. வேணும்னா தணிக்கைக்கு எழுதலாம், பேரூராட்சிகளின் உதவி இயக்குநருக்கு எழுதலாம், அவ்வளவுதான். ஆனா ஆர்டரிலேயே 'டெஸ்ட் சர்டிபிகேட் போதும்'னு எழுதியிருந்தா, டெண்டர் கேட்டது ஒண்ணு, கொடுத்தது வேற ஒண்ணு. அப்போ ஒப்பந்தம் வழங்கின முடிவே கேள்விக்கு வரும்.

இன்னொண்ணும் பாருங்க. எல்-1 டெண்டர் படிவத்தில் 'எல்லா நிபந்தனைகளையும் ஏற்கிறேன்'னு டிஜிட்டல் கையெழுத்து போட்டிருப்பார். கவரிங் லெட்டரில் வேற சொல்லியிருக்கார். பல டெண்டர் ஆவணங்களில் 'நிபந்தனையுடன் கூடிய ஒப்பந்தப்புள்ளி நிராகரிக்கப்படும்'னு ஒரு வரி இருக்கும். உங்க ஆவணத்தில் அது இருக்கா, எந்தப் பக்கம், எந்த எண்ணுன்னு குறிச்சு வைங்க. அந்த வரி இருந்தா உங்க வாதம் பாதி முடிஞ்சது. இல்லாட்டி, 'ஏற்புக் கையெழுத்துதான் கட்டுப்படுத்தும், கவரிங் லெட்டர் சும்மா'ன்னு அவங்க தப்பிக்கலாம். அப்படிச் சொன்னாலும் உங்களுக்கு லாபம்தான்: அப்போ தொழிற்சாலை ஆய்வை அவர் செய்தே ஆகணும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுட்டுக் காத்திருக்காதீங்க. அதில் பதில் தர 30 நாள் டைம் இருக்கு, உங்க கெடு அதுக்கு முன்னாடியே ஓடிப்போயிரும். டெண்டர் போர்ட்டலில் டெக்னிக்கல் மதிப்பீட்டுச் சுருக்கம், விலை ஒப்பீடு, ஒப்பந்தம் வழங்கிய விவரம் மூணையும் இன்னைக்கே இறக்கி வைங்க. தேதி தெரியுற மாதிரி ஸ்கிரீன் ஷாட்டும் எடுத்துக்கிடுங்க.

---

வேணாட்டு வக்கீல்

கெடு பற்றி முதலில். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம், 1998. உள்ளாட்சி அமைப்புகளும் இதற்குள் வரும். பிரிவு 10 மதிப்பீடு பற்றியது. டெண்டர் ஆவணத்தில் சொன்ன நடைமுறையும் அளவுகோலும் எவையோ அவற்றின்படி மட்டுமே ஒப்பிட வேண்டும் என்கிறது. பிரிவு 11 மேல்முறையீடு. ஏற்பு உத்தரவு கைக்குக் கிடைத்த 10 நாளுக்குள் அரசுக்கு, அதாவது துறைச் செயலகத்துக்கு, மனு போக வேண்டும். செயல் அலுவலருக்கோ கலெக்டருக்கோ கொடுக்கும் புகார் பிரிவு 11 மனு ஆகாது. நகல் கொடுங்கள், தப்பில்லை. 'கிடைத்த நாள்' எது என்று பிறகு வாதாடாமல் இருக்க, போர்ட்டலில் ஏறிய தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாரம். எல்லா நிபந்தனை மீறலும் ஒரு பிட்டைக் கொல்லாது. 1991இல் போடார் ஸ்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. முன்வைப்புத் தொகையை ரொக்கமாகவோ ஸ்டேட் வங்கி டிராஃப்டாகவோ கேட்டிருந்தார்கள், வந்தது யூனியன் வங்கிக் காசோலை. வாரணாசி டீசல் இன்ஜின் ஆலை அதை ஏற்றது. உயர் நீதிமன்றம் தள்ளியதை உச்ச நீதிமன்றம் திருப்பிப்போட்டது. பணத்துக்கு உத்தரவாதம் இருந்தது, வங்கிப் பெயர் துணை விஷயம் என்பதுதான் காரணம். எனவே அடிப்படைத் தகுதி நிபந்தனை ஒரு வகை, துணை நிபந்தனை இன்னொரு வகை. அடிப்படை நிபந்தனையை வாங்குபவர் தளர்த்த முடியாது, துணை நிபந்தனையைத் தளர்த்தலாம்.

எதிர்த்தரப்பு 'ஆய்வு எங்கே நடந்தால் என்ன' என்று சொல்வது இதனால்தான். உங்கள் ஆய்வு நிபந்தனையை அந்த வங்கிப் பெயரோடு சேர்க்கப் பார்க்கிறார்கள். அதை உடைக்க இரண்டு கேள்வி போதும். தொழிற்சாலையில் பார்க்கக்கூடியது ஏதாவது ஸ்டோரில் பார்க்கவே முடியாமல் போகிறதா? அந்த நிபந்தனையைத் தூக்கினால் விலை வரிசை மாறுகிறதா?

இரண்டாவதற்கு உங்கள் கணக்கே பதில். 9,970இல் 200 கழித்தால் 9,770. 120 கம்பத்துக்கு ரூ.11,72,400. எல்-1ஐ விட ரூ.9,600 குறைவு. ஆய்வு தேவையில்லை என்று எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லியிருந்தால் எல்-1 நீங்கள்தான். இதை ஒரே பத்தியில், அட்டவணையாக, மனுவின் முதல் பக்கத்திலேயே வையுங்கள். 200 ரூபாய் என்பது இப்போது எழுதிய கணக்கு என்று சொல்லிவிடக்கூடாது. ஆய்வு ஏஜென்சியிடம் வாங்கிய கொட்டேஷன் டெண்டர் கடைசித் தேதிக்கு முன் தேதியிட்டதாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இந்த வாதத்தை அழுத்தாதீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தொழில் தெரிந்தவர்.

---

துத்தநாகத் தொட்டி

வக்கீல் சார் கேட்டதுக்கு நான் சொல்லுதேன். கொஞ்சம் நீளும்.

3 மி.மீ. தகட்டுக்கு ஐ.எஸ். 4759 கேட்பது சதுர மீட்டருக்குக் குறைந்தது 460 கிராம் துத்தநாகம். 5 மி.மீ.யும் அதுக்கு மேலும் என்றால் 610. மைக்ரானாக மாற்ற 7.14ஆல் வகுக்கணும். தகட்டில் 65 மைக்ரானை ஒட்டி, 12 மி.மீ. அடித்தட்டில் 85 மைக்ரானை ஒட்டி. ஒரே கம்பத்தில் ரெண்டு அளவு. கம்பம் முழுக்க 85 கேட்டுச் சண்டை போடுற ஆட்களும் உண்டு, அடித்தட்டிலும் 65 போதும்னு விடுற ஆட்களும் உண்டு. ரெண்டும் தப்பு.

காசு எங்கே மிச்சமாகுதுன்னு பாருங்க. நீங்க சொன்ன கம்பத்தில் சுமார் 2 சதுர மீட்டர் தகடு போகும். உள்ளும் புறமும் சேர்த்து 4 சதுர மீட்டர் முகம். 460 கிராம் வீதம் 1.8 கிலோ துத்தநாகம். இதுக்குப் பதிலா கடையில் வாங்கின ஜி.பி. தகட்டை (ஏற்கெனவே மெல்லிசா துத்தநாகம் பூசின தகட்டை) வளைத்து வெல்டு அடிச்சா? ஐ.எஸ். 277இல் 120 கிரேடு என்றால் ரெண்டு முகமும் சேர்த்துத்தான் சதுர மீட்டருக்கு 120 கிராம். ஆக, கால் கிலோ கூட இல்லை. ஒரு முகத்துக்கு எட்டு மைக்ரான் சொச்சம். வெல்டு ஓடின கோட்டில் அதுவும் எரிஞ்சு போயிருக்கும். வெளியே சில்வர் பெயின்ட் அடிச்சா தூரத்தில் பார்த்தால் ரெண்டும் ஒண்ணுதான்.

முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் கரையில் இதுக்கு என்ன ஆயுள்? ஐ.எஸ்.ஓ. 9223 கணக்கில் சி4 (அரிப்பு அதிகமான) சூழலில் துத்தநாகம் வருஷத்துக்கு 2.1 முதல் 4.2 மைக்ரான் கரையும், சி5இல் (அரிப்பு மிக அதிகம்) 4.2 முதல் 8.4 வரை. அலை தெறிக்கிற தெருவில் எட்டு மைக்ரான் ஓரிரண்டு வருஷத்துக்கே.

இப்போ ஸ்டோரில் என்ன பார்க்கலாம், என்ன பார்க்க முடியாது.

பார்க்கலாம்: பூச்சுத் தடிமன், எல்கோமீட்டர் மாதிரி காந்த கேஜ் வச்சு. ஆனா அந்தக் கருவி இரும்புக்கு மேலே காந்தம் ஒட்டாத எது இருந்தாலும் சேர்த்துக் காட்டும். எட்டு மைக்ரான் துத்தநாகம், மேலே அறுபது மைக்ரான் பெயின்ட் என்றால் 68னு காட்டும், பாஸ். அதனால் முதல்ல தின்னர் தொட்ட துணியால் துடைக்கணும். காப்பர் சல்பேட் கரைசல் ஒரு சொட்டு விட்டா, துத்தநாகமானால் அந்த இடம் கறுக்கும், பெயின்ட் ஆனா ஒண்ணும் நடக்காது. கேஜை அதே தடிமன் உள்ள பூச்சில்லாத தகட்டில் ஜீரோ பண்ணணும். எண்கோண மடிப்பு மேலேயோ விளிம்பிலோ வைக்கக்கூடாது, தட்டையான முகத்தின் நடுவில் வைக்கணும்.

கம்பத்தின் அடியில் டார்ச் அடிச்சு உள்ளே பார்க்கணும். வெல்டிங் முடிஞ்ச பிறகு தொட்டியில் முக்கினதானால் உள் வெல்டு கோடும் வெள்ளையாகத் துத்தநாகம் பிடிச்சிருக்கும், வழிஞ்ச சொட்டும் தெரியும். கோடு மட்டும் பழுப்பா, கறுப்பா இருந்தா கேட்கவே வேண்டாம்.

பார்க்க முடியாதது: வெல்டு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கு என்பது. தொட்டியில் முக்கின பிறகு சின்ன ஓட்டைகளைத் துத்தநாகமே மூடிரும். முக்கும் முன் இரும்பைச் சுத்தம் பண்ணினப்போ உள்ளே மாட்டின அமிலம் வருஷம் கழிச்சுத்தான் துருவா வெளியே வரும். தகட்டு ஹீட் நம்பரையும் (எந்த உருக்கு வார்ப்பில் வந்ததுங்கற எண்) மில் டெஸ்ட் சர்டிபிகேட்டையும் ஒத்துப் பார்க்க முடியாது, ஏன்னா கம்பமான பிறகு நம்பர் இல்லை. துத்தநாக நிறையைச் சரியா அளக்க ஐ.எஸ். 6745 படி அமிலத்தில் பூச்சைக் கரைச்சு, முன்னும் பின்னும் எடை போடணும். அதுக்குக் கம்பத்தை வெட்ட வேண்டி வரும். தொழிற்சாலையில் அதே தகட்டில் சின்னத் துண்டு வெட்டி, கம்பத்தோடு சேர்த்து ஒரே நேரம் முக்கி எடுத்து, அந்தத் துண்டில் சோதனை பண்ணுவாங்க. முக்கும் முன்பே இன்ஸ்பெக்டர் துண்டில் தன் பஞ்ச் குத்தணும். பஞ்ச் இல்லாத துண்டு வேறே எந்தத் தொட்டியில் இருந்தும் வந்திருக்கலாம்.

ஆகவே ஸ்டோர் ஆய்வு பூச்சைப் பற்றி ஓரளவு சொல்லும். வெல்டையும் தகட்டையும் பற்றி அது வாயே திறக்காது.

ஒரு குறையையும் சொல்லிடணும். டெண்டரில் 'தேர்டு பார்ட்டி ஆய்வு'ன்னு மட்டும் எழுதி, தர உறுதித் திட்டம் இணைக்கலேன்னா அந்த ஆய்வும் பேருக்குத்தான். ஆள் வருவார், எண்ணுவார், நாலு இடத்தில் கேஜ் வைப்பார், போயிருவார். எந்தக் கட்டத்தில் இன்ஸ்பெக்டர் பார்க்காம அடுத்த வேலைக்குப் போகக்கூடாதுங்கற ஹோல்டு பாயின்ட் அட்டவணை இருந்தாத்தான் நான் மேலே சொன்ன வித்தியாசம் கோர்ட்டிலும் நிற்கும். உங்க ஆவணத்தில் அது இருக்கா?

---

கோணம் சப்ளை

ரொம்ப உபகாரம். ஆர்டர் காப்பி கிடைத்துவிட்டது. அதில், 'தயாரிப்பாளரின் சோதனைச் சான்று மற்றும் என்.ஏ.பி.எல். ஆய்வகச் சான்று ஏற்றுக்கொள்ளப்படும்' என்று இருக்கிறது. தேர்டு பார்ட்டி ஆய்வு பற்றி ஒரு சொல் இல்லை. டெண்டர் ஆவணத்தில் தர உறுதித் திட்டம் இணைப்பாக இருக்கிறது: மூலப்பொருள், வெல்டிங், கால்வனைசிங் என மூன்று இடத்திலும் ஹோல்டு பாயின்ட். நிபந்தனை பிட் நிராகரிப்பு வரியும் இருக்கிறது. கொட்டேஷன் டெண்டர் கடைசித் தேதிக்கு முந்தையதுதான்.

'என்.ஏ.பி.எல். சான்று வந்தால் தேர்டு பார்ட்டி ஆய்வு மாதிரிதானே' என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள்.

---

துத்தநாகத் தொட்டி

இல்லை. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் ஆய்வகத்துக்கு, ஐ.எஸ்.ஓ. 17025 படி. கொண்டு வந்து கொடுத்த துண்டில் என்ன இருக்குன்னு மட்டும் அது சொல்லும். ரிப்போர்ட்டின் அடியில் 'மாதிரி வாடிக்கையாளரால் தரப்பட்டது'ன்னு இருக்கான்னு பாருங்க. ஆய்வு ஏஜென்சி என்.ஏ.பி.சி.பி. அங்கீகாரம், ஐ.எஸ்.ஓ. 17020 படி. இடத்துக்கு வந்து, மாதிரியைத் தானே எடுத்து, சோதனையைக் கண்ணால் பார்த்து, ரிலீஸ் நோட் கொடுக்கிறவர் அவர். அந்த என்.ஏ.பி.எல். ஆய்வகத்தின் ஸ்கோப் பட்டியலையும் தேடிப் பாருங்க. ஐ.எஸ். 6745 அதில் இல்லாமலே துத்தநாகச் சோதனை ரிப்போர்ட் வருவது உண்டு. அங்கீகாரம் ஆய்வகத்துக்கு மொத்தமா இல்லை, ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனி.

---

குளச்சல் கரை

எல்லாரும் ஒரு பக்கமா பேசுதிய. மறுபக்கமும் கேளுங்க. ஆய்வுங்கிறது வாங்குறவன் நன்மைக்கு. அவன் வேண்டாம்னா அடுத்தவனுக்கு என்ன? பன்னிரண்டு லட்ச ரூபாய் சப்ளைக்குத் தொழிற்சாலை ஆய்வு, மூணு ஹோல்டு பாயின்ட்னு போட்டதே ஓவர். கம்பம் செய்யிற தொழிற்சாலை எங்கேயோ இருக்கும். இன்ஸ்பெக்டர் மூணு தடவை போக, ஒவ்வொரு தடவையும் கொட்டகையில் வேலை நிறுத்தி வைக்க, சின்ன யூனிட்டுக்குத் தாங்காது. இப்படிப்பட்ட நிபந்தனைதான் பெரிய ஆட்களுக்கு வழி விடுது. பேரூராட்சி நிதானத்துக்கு வந்து தளர்த்தியிருக்கு, அவ்வளவுதான்.

---

வேணாட்டு வக்கீல்

குளச்சல் கரை சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். இந்தத் தொகைக்கு மூன்று ஹோல்டு பாயின்ட் அதிகம்தான். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய நேரம் டெண்டர் திறக்கும் முன். ப்ரீ-பிட் கூட்டத்தில் (டெண்டர் போடும் முன் சந்தேகம் கேட்கும் கூட்டம்) கேட்டு, ஒரே ஒரு ஹோல்டு பாயின்ட் ஆக்கச் சொல்லித் திருத்த அறிவிப்பு வாங்கியிருந்தால் எல்லோர் விலையும் சமமாக இறங்கியிருக்கும். திறந்த பிறகு ஒருவருக்கு மட்டும் தளர்த்துவது வேறு. தானே வைத்த அளவுகோலுக்கு அரசு அமைப்பு தானே கட்டுப்பட்டது என்று 1979இல் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிபந்தனை இப்படித் தளரும் என்று தெரிந்திருந்தால் வேறு சிலரும் டெண்டர் போட்டிருப்பார்களே என்பதும் அங்கே பேசப்பட்டது.

அதே வழக்கில் கவனிக்க வேண்டிய மற்றொன்று: நிபந்தனை மீறப்பட்டது என்று ஏற்றுக்கொண்ட பிறகும், வழக்குப் போட்டவர் பல மாதம் தாமதித்தார், அதற்குள் ஒப்பந்தக்காரர் பணம் போட்டுவிட்டார் என்பதால் நிவாரணம் தரவில்லை. ஆகவே கோணம் சப்ளை, எல்-1 தளவாடம் வாங்கத் தொடங்கும் முன் உங்கள் மனு போய்ச் சேர வேண்டும்.

மனுவில் என்ன கேட்பது? 'எனக்குக் கொடு' என்று மட்டும் கேட்காதீர்கள். முதல் வேண்டுகோள், ஏற்பு உத்தரவை ரத்து செய்து, ஆவணத்தில் உள்ள நிபந்தனைப்படி மறுமதிப்பீடு. மாற்று வேண்டுகோள், ஆய்வு தேவையில்லை என்று பேரூராட்சி உண்மையில் கருதினால், திருத்திய நிபந்தனையோடு மறு டெண்டர். மூன்றாவது, முடிவு வரும் வரை சப்ளையை நிறுத்தி வைக்க இடைக்கால உத்தரவு. இணைப்பாக டெண்டர் ஆவணத்தின் அந்தப் பக்கங்கள், கவரிங் லெட்டர் இருக்கும் போர்ட்டல் பக்கம், சப்ளை ஆர்டர், விலை அட்டவணை, கொட்டேஷன். 'ஊழல்', 'கூட்டு' போன்ற சொற்கள் ஆதாரம் இல்லாமல் வரவே கூடாது. அவை வந்தால் பதில் மனு முழுக்க அதற்கு மறுப்பாகப் போகும், ஆய்வு நிபந்தனை பின்னால் தள்ளப்படும்.

அதற்கு மேல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. பிரிவு 11 வழி இருக்கும்போது நேரே ரிட் போட்டால் முதல் கேள்வியே 'அங்கே போனீர்களா?' என்பதாக இருக்கும். ஜகதீஷ் மண்டல் (2007) தீர்ப்புக்குப் பிறகு நீதிமன்றம் பார்ப்பது இரண்டு: முடிவு தன்னிச்சையானதா அல்லது யாருக்கோ சாதகமாக எடுத்ததா, பொதுநலன் பாதிக்கப்படுகிறதா. 2022இல் என்.ஜி. புராஜெக்ட்ஸ் வழக்கில், டெண்டர் விஷயத்தில் தடை கொடுக்கத் தயங்க வேண்டும், தவறு இருந்தால் நஷ்டஈடு பக்கம் பார்க்கலாம் என்ற திசையில் போயிருக்கிறது. அதனால் கோர்ட்டில் கடற்கரை, துரு, ஆயுள் கணக்கு எல்லாம் பொதுநலன் என்ற தலைப்பில் வர வேண்டும். உங்கள் 9,600 ரூபாய் வித்தியாசம் அங்கே துணைக்கு மட்டும்.

---

பழைய எம்புக்

கூடவே ஒரு வேலை. மனு நிலுவையில் இருக்கும்போதே சரக்கு வந்து இறங்கினா? பேரூராட்சிக்கு ஒரு கடிதம் கொடுத்து வைங்க: ஸ்டோர் ஆய்வுதான் என்றால் எந்த முறையில் மாதிரி எடுக்கப்போறீங்கன்னு கேட்டு. 120 கம்பத்துக்கு, மாதிரி எடுப்பதற்கான தரமான ஐ.எஸ். 2500 பாகம் 1இல் பொது நிலை 2 என்றால் மாதிரி 20. ஏற்புத் தர நிலை 2.5 என்றால் ஒண்ணு வரை தவறு வரலாம், ரெண்டு வந்தா லாட் நிராகரிப்பு. வெட்டிப் பார்க்கிற சோதனைக்குச் சிறப்பு நிலை எஸ்-2 எடுத்தா மாதிரி 3 போதும். இந்த எண்ணை முன்கூட்டி எழுதி வைக்காட்டி, சப்ளையர் காட்டுற நாலு கம்பத்தில் கேஜ் வச்சு முடிச்சிருவாங்க. லாரியில் மேல் வரிசையில் என்ன இருக்கும்னு சொல்லவா வேணும்.

வெண்துரு பற்றியும். ஆனி, ஆடிச் சாரலிலோ ஐப்பசி மழையிலோ கம்பங்களை ஒண்ணுமேல ஒண்ணா ஒட்டி அடுக்கி வச்சா துத்தநாகத்து மேலே வெள்ளைப் பொடி படியும். அது தெரிஞ்ச உடனே நிராகரிக்கிறதும் தப்பு, கண்டுக்காம விடுறதும் தப்பு. தேய்ச்சு எடுத்துட்டு அடியில் கேஜ் வச்சுப் பாருங்க, அளவு இருந்தா சரி. கீறல் விழுந்த இடத்தில் துத்தநாகப் பெயின்ட் ஒட்டுப்போட்டது எவ்வளவு வரை ஏற்கலாம்னும் சண்டை வரும். ஐ.எஸ்.ஓ. 1461 மொத்தப் பரப்பில் 0.5 சதவீதம் வரை, ஒரு ஒட்டு 10 சதுர செ.மீ.க்கு மேல் கூடாதுன்னு சொல்லுது. அடுக்கும்போது இடையில் மரக்கட்டை வச்சு, ஒரு முனை தாழ்வா சாய்ச்சு அடுக்கினா தண்ணி நிக்காது.

---

தக்கலை பில்

இடையில் ஒரு கேள்வி, இதே தலைப்புதான். நாங்கள் ஒரு அரசு அலுவலகத்துக்குச் சப்ளை செய்தாகிவிட்டது. 'ஆய்வு ரிப்போர்ட் இன்னும் வரல' என்று வாய்மொழியாகச் சொல்லியே பில்லை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

---

வேணாட்டு வக்கீல்

நீங்கள் உத்யம் (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிவு உள்ள குறு, சிறு தயாரிப்பாளரா என்பதைப் பொறுத்தது. ஆமென்றால் 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டம். பொருள் கொடுத்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் வராவிட்டால், கொடுத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். வாய்மொழி கணக்கில் சேராது. எழுத்தில் ஆட்சேபம் வந்தால், நீங்கள் அதைச் சரிசெய்த நாளே ஏற்பு நாள். ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருந்தாலும் ஏற்பு நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் கெடு தள்ளக்கூடாது. தாண்டினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. தாமதமான பணம் பற்றிய தகராறைத் தீர்க்கும் வசதிப்படுத்தும் கவுன்சிலுக்கு இணையவழியில் போகலாம்.

டெலிவரி சலானில் தேதியும் முத்திரையும் கையெழுத்தும் இருக்கிறதா? 'ஆய்வுக்கு உட்பட்டுப் பெறப்பட்டது' என்று அதில் எழுதியிருந்தால் எதிர்த்தரப்பு அதையே ஆட்சேபம் என்று வாதாடும். ஆனால் குறை என்ன என்று அதில் ஒன்றும் இல்லை என்பதைக் காட்டலாம். உத்யம் பதிவு ஒப்பந்தத்துக்கு முந்தைய தேதியாக இருக்க வேண்டும், பிறகு வாங்கிய பதிவை வைத்து வருவதில் சிக்கல் உண்டு. வாங்கி விற்பவர் என்றால் இந்த வழி அடைபட்டது. மொத்த, சில்லறை வணிகர்களுக்கு 2021இல் உத்யம் திறந்தாலும் அதன் பலன் முன்னுரிமைக் கடனோடு நிற்கிறது. அப்போது 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 42: நியாயமான காலம் வரை நிராகரிப்பைச் சொல்லாமல் பொருளை வைத்துக்கொண்டாலோ, எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கினாலோ ஏற்றதாகவே அர்த்தம். உங்கள் பொருளை மாட்டிவிட்டார்களா, புழக்கத்தில் இருக்கிறதா என்று புகைப்படம் எடுத்து வையுங்கள்.

---

கோணம் சப்ளை

மனு தயாராகிறது. கடைசியாக ஒன்று: இ.எம்.டி.யை (டெண்டரோடு கட்டிய முன்வைப்புத் தொகை) திருப்பித் தருகிறோம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். வாங்கலாமா?

---

பழைய எம்புக்

வாங்கினா உங்க மேல்முறையீட்டு உரிமை போயிராது. ஆனா 'டெண்டரில் இருந்து விலகிட்டார்'னு எழுத இடம் கொடுக்காதீங்க. ரசீதில் 'மேல்முறையீட்டுக்குப் பாதகமின்றி'ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க, நகல் வச்சுக்கிடுங்க. அதை விட முக்கியம் பிட் வேலிடிட்டி, அதாவது நீங்க சொன்ன விலை செல்லுபடியாகுற காலம். ஆவணத்தில் எத்தனை நாள்னு பாருங்க, பெரும்பாலும் 90 நாள் இருக்கும். அந்த நாள் முடியும் முன்னாடியே, அதே விலையில் வேலிடிட்டியை நீட்டிக்கிறோம், தேவைப்பட்டா இ.எம்.டி.யைத் திரும்பக் கட்டுறோம்னு கடிதம் கொடுங்க. மனுவில் ஜெயிச்சு, மறுமதிப்பீடு செய்ற நாளில் உங்க விலை உயிரோட இல்லேன்னா நேரே மறு டெண்டர்தான். இரும்பு விலை ஏறுற நேரமா இருந்தா அந்தக் கடிதம் கொடுக்கும் முன் 9,970இல் சப்ளை கட்டுமான்னும் கணக்குப் போட்டுப் பாத்துக்கிடுங்க.